நாலு ஜிபிக்கு அப்பால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. மற்றவர்கள் எழுதிய நிரலை வாசித்துப் பிழை பிடிப்பது என் வேலை. அதில் பிழையைக் கண்டால் சோற்றில் கல் கடிபட்டது போல இருக்கும். துப்பாமல் விழுங்க எனக்குத் தெரியாது.

நான் அற்புதராணி, குருநகர் பிலிப்புவின் மகள். யாழ்ப்பாண நகரத்தில் மூன்றே மூன்று பேர் வேலை செய்யும் ஒரு கம்பனியில் பத்து வருடமாக இருக்கிறேன். மீன்பிடி வள்ளங்களுக்கு ஒரு பெட்டி செய்கிறோம். கடலின் வரைபடம், வள்ளம் நிற்கும் இடம், இந்திய எல்லைக்கோடு எல்லாம் அதன் திரையில் தெரியும். கோட்டைத் தாண்டினால் வள்ளத்தையும் ஆளையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடலில் கோடு கீறியா வைத்திருக்கிறார்கள்? திரையில்தான் இருக்கிறது. குருநகரில் நாற்பத்திரண்டு வள்ளங்களில் எங்கள் பெட்டி ஓடுகிறது. அதில் ஒன்று அப்பாவுடையது.

பெட்டிக்குள் நாலு ஜிபி பிளாஷ் சிப் ஒன்று உண்டு. வரைபடமும் வள்ளம் போய்வந்த பாதையின் பதிவும் அதில்தான் இருக்கின்றன. எழுதி எழுதி அந்தச் சிப்கள் தேய்ந்துவிட்டன. மாதத்துக்கு இரண்டு பெட்டி கடலில் வைத்தே செத்துக்கொண்டிருந்தது. மாற்றுவோம் என்றால் நாலு ஜிபி சிப் இப்போது சந்தையில் இல்லை. எட்டு ஜிபிதான் கிடைக்கிறது. எட்டு ஜிபியை ஒரே பகுதியாக ஆள எங்கள் பழைய டிரைவருக்குத் தெரியாது.

டிரைவர் என்றால் சிப்போடு பேசுகிற மென்பொருள் துண்டு. அது கேர்னலுக்குள், அதாவது இயந்திரத்தின் அடி மென்பொருளுக்குள் இருக்கிறது. கேர்னலை உலகம் முழுக்க இருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். பெரிய பகுதிகளையும் ஆளும்படி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் பொறியாளர் அந்த டிரைவருக்கு ஒரு திருத்தம் எழுதி, பொது மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பியிருந்தார். யாரும் வாசிக்கலாம், யாரும் மறுக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒருவரும் மறுக்காவிட்டால் அது கேர்னலுக்குள் போய்விடும். எங்கள் முதலாளி கேதீஸ்வரன் அண்ணை அதற்காகத்தான் காத்திருந்தார். மூன்று பேரால் தனியாக ஒரு கேர்னலைக் கட்டி மேய்க்க முடியாது என்பது அவருடைய கட்சி.

திங்கட்கிழமை அதை வாசிக்க உட்கார்ந்தேன். நல்ல சுத்தமான எழுத்து. ஆனால் ஒரு வரியில் கல் கடிபட்டது. சிப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கணக்குப் பார்க்கும் வரி, புது இயந்திரங்களில் 64 பிட் அகலத்தில் ஓடும். எங்கள் பெட்டிக்குள் இருக்கும் மலிவான பழைய போர்டில் 32 பிட்தான். அதில் எண் நாலு ஜிபியைத் தொட்டதும், மோட்டார்சைக்கிள் மீட்டர் முழுக்க ஓடிமுடிந்து சுழியத்துக்கு வருவது போல, முதலுக்கே திரும்பிவிடும். அடுத்த பதிவு சிப்பின் முதல் இடத்தில் போய் விழும். முதல் இடத்தில் இருப்பது கடல் வரைபடம். நடுக்கடலில் திரை வெறுமையாகிவிடும்.

குழுவுக்கு எழுதினேன். அன்றே பதில் வந்தது. எட்டு ஜிபியில் சோதித்தாகிவிட்டது, எல்லாம் சரி என்றார் அந்தப் பொறியாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய மேசையில் நிற்பதெல்லாம் புது இயந்திரம், அதில் எப்படிப் பிழை தெரியும்? செவ்வாய்க்கிழமை எங்கள் போர்டில் திருத்தத்தை ஏற்றி, நாலு ஜிபி நிரம்பும்வரை எழுதவிட்டேன். நினைத்தது போலவே வரைபடம் அழிந்தது. முழுப் பதிவையும் அனுப்பி, கீழே சூடாக நாலு வரியும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் வந்த பதில் இரண்டே வரி. "உங்கள் பதிவின் இரண்டாம் வரியைப் பாருங்கள். நீங்கள் சோதித்தது பழைய டிரைவரை."

பார்த்தேன். காதெல்லாம் சுட்டது. சோதனைக்கு நடுவே பத்து நிமிடம் மின்சாரம் போய் வந்திருந்தது. இங்கே அடிக்கடி போவதால், மின்சாரம் திரும்பியதும் போர்ட் தானாகப் பழைய, நம்பிக்கையான கேர்னலில் எழும்பும்படி நானே எழுதி வைத்திருக்கிறேன். எழும்பியதும் விட்ட இடத்திலிருந்து எழுதவும் தொடங்கும். அதைத்தான் செய்திருக்கிறது. கோபத்தில் நான் அழிந்த வரைபடத்தைப் பார்த்தேனே தவிர, எந்தக் கேர்னல் அதை அழித்தது என்று பார்க்கவில்லை. உலகமே வாசிக்கிற இடத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"மூக்குடைபட்டது காணும், விடும்," என்றார் கேதீஸ்வரன் அண்ணை. "உவங்களோடை கொழுவினால் நாளைக்கு எங்கடை சொல்லை ஒருத்தரும் எடுக்கமாட்டாங்கள்."

"அண்ணை, நான் பிழையாச் சோதிச்சதாலை அந்த வரி சரியாப் போயிடுமே?"

"நீர் நினைக்கிறதும் பிழையெண்டால்?"

இரண்டாம் தரமும் நான் பிழை விட்டால் அந்தக் குழுவில் என் பெயரைக் கண்டதுமே சிரிப்பார்கள். சும்மா இருந்தாலோ, வெள்ளிக்கிழமை அந்த வரி உள்ளே போய், அங்கிருந்து நாற்பத்திரண்டு வள்ளங்களுக்கும் வந்து சேரும். வீட்டுக்குப் போய், மின்சாரம் போனாலும் போர்ட் நிற்காமல் ஓட அப்பாவின் வள்ளத்துப் பற்றரியைத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"கடலுக்கு நான் என்னத்தோடை போறது?" என்றார் அப்பா.

"நாளைக்கு ஒருநாள் போகாதேங்கோ."

"உனக்கு விசர்," என்றார். வியாழக்கிழமை காலை சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு கம்பனிக் கந்தோர் வாசலில் வந்து நின்றதும் அவர்தான்.

பற்றரியில் போர்டைக் கொழுவி, எந்தக் கேர்னல் என்று மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். பழைய போர்ட், ஆமை வேகம், ஏழு மணித்தியாலம் எடுத்தது. நடுவில் மின்சாரம் போனது, போர்ட் நிற்காமல் ஓடியது. மூன்றரை மணிக்கு எண் நாலு ஜிபியைத் தொட்டது. வரைபடம் இருந்த இடத்தில் நெடுந்தீவையும் காணவில்லை, எல்லைக்கோட்டையும் காணவில்லை.

கடிதத்தில் முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகுதான் சான்று. அந்த மன்னிப்பை எழுத ஏழு மணித்தியாலத்தைவிடக் கூட எடுத்தது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. "நீங்கள் சொன்னது சரி. எங்களிடம் 32 பிட் போர்ட் ஒன்றுகூட இல்லை. நன்றி." புதுத் திருத்தமும் அனுப்பியிருந்தார். நன்றி சொன்னதற்காகக் கண்ணை மூடிக்கொள்வேனா? வாசித்தேன். எழுதும் வரியைத் திருத்தியிருந்தார், அழிக்கும் வரியில் அதே பிழை அப்படியே கிடந்தது. திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தரம் வந்ததை இரண்டு நாள் வாசித்து, பற்றரியில் ஓடவிட்டு, எட்டு ஜிபியும் நிரம்பும்வரை பார்த்தேன். வரைபடம் அசையாமல் நின்றது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்துச் சரி கண்டவர் தன் முழுப்பெயரைத் திருத்தத்தின் கீழே போட வேண்டும். பிறகு அந்தப் பெயர் கேர்னலின் வரலாற்றில் என்றைக்கும் கிடக்கும். பின்னால் பிழை தெரிந்தால் எழுதியவரோடு அவரையும் கேட்பார்கள். சரிபார்த்தவர், பிலிப்பு அற்புதராணி என்று போட்டேன். சொல்ல எனக்கென்ன வெட்கம், அன்றைக்கு எனக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. விடும் விடும் என்ற கேதீஸ்வரன் அண்ணை அதைப் படம் பிடித்துத் தன் இனசனத்துக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

புது டிரைவரும் எட்டு ஜிபி சிப்பும் போட்ட முதல் பெட்டியை எந்த வள்ளத்தில் ஏற்றுவது என்று பேச்சு வந்தது.

"கொப்பரின்ரையிலை வேண்டாம்," என்றார் அண்ணை, அப்பாவின் வள்ளத்தைச் சொல்லி. "ஏதும் நடந்தால் நீர் தாங்கமாட்டீர்."

"அப்ப வேறை ஆரின்ரை தேப்பனை அனுப்பிறது?" என்றேன்.

அப்பாவின் பெட்டியைக் கந்தோரிலேயே நாலு ஜிபிக்குக் கிட்டவரை நிரப்பினேன். கரையை விட்டு ஒரு மணித்தியாலத்தில் பதிவு நாலு ஜிபியைத் தாண்டும்படி கணக்கு. காலையில் வள்ளத்தில் பூட்டிக் கொடுத்தேன். அப்பா இயந்திரத்தை இழுத்து எழுப்பிக்கொண்டு போனார். வள்ளம் புள்ளியாகும்வரை கரையிலேயே நின்றேன்.

எங்கள் கரையில் புதுச் சாமான் எதுவானாலும், முதல் கொண்டுபோன வள்ளம் திரும்பி வந்து நல்லது சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். இயந்திரமானாலும் அப்படித்தான், நைலோன் வலையானாலும் அப்படித்தான். அந்த நாளில் எங்கள் முதல் பெட்டிக்கே ஒரு கிழமை காத்திருந்தவர்கள். அதனால் அப்பா போய் அரை மணித்தியாலத்தில் பக்கத்து வள்ளத்து ஜஸ்ரின் அண்ணை தன் பெட்டியைக் கழற்றிக் கையில் கொண்டு வந்தபோது, அது பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் பெட்டியும் கையுமாக நின்றார்கள்.

"புதுசைப் போட்டுத் தா ராணி," என்றார் ஜஸ்ரின் அண்ணை.

"அப்பா இன்னும் வரேல்லை. பொறுங்கோ," என்று எரிந்து விழுந்தேன். "வந்து சொல்லட்டும்."

"அந்தாள் வந்து என்னத்தைச் சொல்லுறது? நீ கொப்பரையே அனுப்பிப்போட்டாய். இனி நாங்கள் என்னத்தைப் பாக்கிறது?"

குனிந்து அவருடைய பெட்டியை வாங்கி மூடியைக் கழற்றினேன்.

அப்பாவின் அழைப்பு வந்தபோது நான் நாலாவது பெட்டியில் இருந்தேன். "பிள்ளை, படம் அப்பிடியே நிக்குது," என்றார்.

"தெரியும் அப்பா," என்றேன். "கையிலை வேலை கிடக்குது, வையுங்கோ."