அக்கா பேரில் இருந்த நம்பர்

தம்பிக்கு எந்தக் கடையிலும் கடன் கொடுக்க மாட்டார்கள். அவ்வளவு நல்ல பெயர் எடுத்து வைத்திருந்தான். அதனால்தான் "போன் இலவசம்" என்று கடைக்காரர் பல்லைக் காட்டியபோது, அக்காவை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்தான்.

போன் என்னவோ இலவசம்தான். மாதாமாதம் பிளானுக்குக் கட்டுவதற்குள் அக்காவுக்கு நாக்குத் தள்ளியது. பிளான் ஒப்பந்தம் முடிகிற நேரம் பார்த்து ஐயா புதுப் போன் கேட்பார். ஒப்பந்தம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இப்படியே நாலு போன். கட்டாமல் விட்டால் கெடுவது அக்காவின் பெயர் அல்லவா! துணி தைத்துப் பிழைக்கிறவள் அவள். தையல் மெஷினில் மோட்டார் புகைந்துபோய், மாற்றக் காசில்லாமல் காலால் மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது.

ஒருநாள் தம்பியின் ஏசி ரிப்பேர் கடைக்கே போய்க் கேட்டாள்.

"இனிமே பில்லை நீயே கட்டிக்கடா. என்னால முடியல."

அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உன் பேர்ல இருக்கு, நீதானே கட்டணும்? இதுக்குன்னு கடை வரைக்கும் வந்து மானத்தை வாங்காதே."

வேலையாட்கள் சிரித்தார்கள். அக்கா அழவில்லை. நேராகப் போன் கடைக்குப் போனாள்.

"என் பேர்ல இருக்கற நம்பருக்குப் புது சிம் வேணும்."

அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அந்த நிமிஷமே தம்பியின் போன் செத்துப்போனது.

அன்று மாலையே தம்பியின் வாடிக்கையாளர்களின் அழைப்புகள் அவளுக்கு வர ஆரம்பித்தன. ஏசி ஓடவில்லை, தண்ணீர் சொட்டுகிறது, உடனே வாங்க. தம்பிக்கு ஆகவே ஆகாத மெக்கானிக் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். ஒன்று விடாமல் அவருக்கே தள்ளிவிட்டாள். பில்லை இன்னமும் அவள்தான் கட்டுகிறாள். இப்போது கொஞ்சமும் வலிக்கவில்லை.

மாதம் முடிவதற்குள் தம்பி கடை வேனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். முகம் வற்றியிருந்தது.

"அக்கா, உன் கால்ல விழறேன். நம்பரைக் குடுத்துடு. பழைய பில்லையும் சேர்த்துக் கட்டிடறேன்."

மனசு இளகுமா என்று அக்கா தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இளகவில்லை. வாசலில் நின்ற வேனை எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அந்த நம்பரைப் பெயிண்டில் எழுதியிருந்தான், ஆள் உயரத்துக்கு.

"அதை மட்டும் அழிச்சுடாதேடா," என்றாள். "நீ தெருத்தெருவா ஓட்டிட்டுப் போறதாலதான் பாவம், அந்தப் பக்கத்துத் தெரு மனுஷனுக்கு வேலை குவியுது."