முள் நின்ற இடம்

கடலூர் மஞ்சக்குப்பத்து பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்த மூன்று படங்களைக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பிவைத்து, "எது மாமா?" என்று செம்பியன் கேட்டான். மூன்றும் பைக்குக்கு வெளியில் வாங்கி மாட்டுகிற டிஜிட்டல் ஸ்பீடாமீட்டர்கள். முதலாவது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கிற மலிவுச் சரக்கு. வேகம், கிலோமீட்டர், பெட்ரோல், அவ்வளவுதான் காட்டும். இரண்டாவது ரேஸ் பையன்கள் மாட்டுவது, ஏழு கலரில் விளக்கெரியும். மூன்றாவது தைவான் சரக்கு. சக்கரத்தின் சுற்றளவை நாமே டேப்பில் அளந்து அதற்குள் போட்டுக்கொள்ளலாம். என் வண்டிக்கு முன்சக்கரம் மற்ற பைக்குகளைவிடப் பெரிது, ஆகவே இது ஒன்றுதான் சரியாகக் காட்டும் என்று விளக்கினான். இடது முழங்காலை ஒரு கையால் நீவிவிட்டுக்கொண்டே, "இதுல இன்னொண்ணு இருக்குது மாமா. ஓட்டினதுலயே எது ஜாஸ்தி ஸ்பீடோ, அத ஞாபகம் வெச்சிக்கும். நாமளா அழிச்சாத்தான் போவும்" என்றான்.

முதலாவதே போதும், நாம் என்ன இமயமலைக்கா போகப்போகிறோம் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் படங்களை அடுக்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

செம்பியன் என் மனைவி வினோதினியின் தம்பி. இருபத்துநாலு வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டமும் கயிறு ஏறுவதும் மட்டும் பாக்கி என்று இருந்தவன். தினமும் விடியற்காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று சுற்றுவான். இப்போது அவன் தொடைக்குள் ஒரு கம்பி இருக்கிறது. கைத்தடி இல்லாமல் கக்கூஸ் வரை போகலாம், அதற்கு மேல் முடியாது. அவனை அப்படி ஆக்கியது என் வண்டி.

முப்பத்தாறு வயதுக் குமாஸ்தா ஒருவன், காடு மலை சுற்றுகிறவர்களுக்காகச் செய்த உயரமான அட்வென்சர் பைக்கை வாங்கினால் ஆபீஸ் சும்மா விடுமா? ஊருக்கு வெளியே மேடு மாதிரி இருக்கிற கேப்பர் மலையைக் காட்டி, ஏறி முடித்தாயிற்றா சார் என்று தினமும் கேட்டார்கள். தானே புயல் அடித்து ஊரே கூரை இல்லாமல் கிடந்த வருஷம் அது. பிப்ரவரியில் வண்டி எடுத்தேன். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீராணம் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று செம்பியனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். சிதம்பரம் தாண்டி காட்டுமன்னார்கோயில் சாலையில் அப்போது உளுந்து அறுப்பு. செடியோடு கொண்டுவந்து ரோட்டில் பரப்பியிருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடையும், சாயங்காலம் தூற்றி எடுத்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். மெதுவாகப் போகிறவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எங்கள் வண்டி அதன்மேல் ஏறியதும் அடியில் ரோடே இல்லாத மாதிரி வழுக்கிக்கொண்டு போய் மைல்கல்லில் மோதியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவன் கால் வண்டிக்கு அடியில்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் எழுதிக்கொள்ள வந்தபோது நாற்பதில்தான் வந்தேன் என்றேன். வினோதினி அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். உளுந்து பரப்பியிருந்தவர் பெயர் தட்சிணாமூர்த்தி. வண்டி பறந்து வந்தது என்று அந்த மனிதர் அங்கேயே சொல்லியிருக்கிறார். மறுநாள் வினோதினியின் சித்தப்பாக்கள் இரண்டு பேர் போய், செய்வதையும் செய்துவிட்டுப் பொய் வேறா என்று ஊர்க்காரர்கள் எதிரில் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் அவர் நாலு இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் செய்வார். தம்பி நடக்கிறதா, வலி இருக்கிறதா, என்னால்தானே எல்லாம் என்பார். ஏழு மாதத்தில் அந்த மனிதர் தன் கண்ணால் பார்த்ததையே நம்பாதவராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துக்கொண்டு போய்த்தான் பேசுவேன்.

ஏனென்றால் மீட்டர் என்னிடம் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் பார்த்தேன். மோதிய வேகத்தில் கண்ணாடி உள்ளே நசுங்கி, முள்ளை அப்படியே தட்டோடு அழுத்திப் பிடித்திருந்தது. தொண்ணூற்றிரண்டு. அங்கேயே ஸ்பேனரை வாங்கி இரண்டு போல்ட்டைக் கழற்றி மீட்டரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். தூக்கி எறிந்திருக்கலாம். கெடிலம் ஆற்றுப் பாலத்துக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் யாராவது தெரிந்தவர் வந்து என்ன சார் இங்கே நிற்கிறீர்கள் என்றார்கள். கடைசியில் செய்தித்தாளில் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டு, பரண்மேல் பழைய குக்கர் டப்பாவுக்குள் வைத்தேன். பயந்தவனுக்கு ஒளித்துவைக்கத்தான் தெரியும், ஒழித்துக்கட்டத் தெரியாது.

வண்டியைக் கடலூரிலேயே சரிசெய்தாயிற்று, மீட்டர் மட்டும் இல்லை. கம்பெனி மீட்டர் ஸ்டாக் இல்லை என்று மூன்று மாதம் கடத்தினேன். பிறகு வெளிச்சரக்கில் எது நல்லது என்று ஆராய்ச்சி. இதற்கு வாரண்டி இல்லை, அதற்கு மழையில் தண்ணீர் இறங்கும், இன்னொன்று வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொண்டே ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் போனேன். உண்மை என்னவென்றால், அந்த வண்டியின் சாவியை ஆணியிலிருந்து எடுக்கவே எனக்குப் பயம். மீட்டர் மாட்டிவிட்டால் ஓட்டியாக வேண்டும், ஓட்டினால் எத்தனையில் போகிறாய் என்று யாராவது கேட்பார்கள். தார்ப்பாய் போர்த்தி வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

படுத்தபடியே இந்த மீட்டர் விஷயத்தை செம்பியன் தன் வேலையாக எடுத்துக்கொண்டான். எனக்குத் தெரியாமல் சிதம்பரத்தில் அருள்முருகன் என்கிற மெக்கானிக்கிடம் பேசி, அந்தத் தைவான் மீட்டரையே வரவழைத்தும்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டிக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. கூட வருகிறேன் என்று அவன் சொன்னபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது வினோதினி புளிசாதப் பையை என்னிடம் கொடுத்தாள். வண்டி பத்திரம் என்றாள். வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகமாக என்னைப் பார்த்ததுபோல் இருந்தது. பயந்தவனுக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

செம்பியன் பஸ்ஸில் போனான். நான் வண்டியில், மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, ஒரு டிராக்டருக்குப் பின்னாலேயே போனேன். நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். பின்னால் வந்த பஸ்காரன் ஒருவன் ஹாரன் அடித்தே என்னை மண்ணில் இறக்கினான்.

அருள்முருகனின் பட்டறை மேல வீதிக்குப் பின்னால் இருந்தது. ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். முன்சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டவைத்து, தரையில் டேப் பிடித்து அளந்தார். பழைய மீட்டர் எங்கே, கேபிள் சொருகும் வாயைப் பார்க்க வேண்டும், ஓடிய கிலோமீட்டரையும் புதியதில் ஏற்ற வேண்டும் என்றார். அது ஆக்சிடெண்டில் நொறுங்கிவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்று சட்டென்று சொன்னேன்.

"பையில இருக்கு மாமா. அண்ணன் போன்லயே கேட்டாரு. அக்காகிட்ட சொன்னேன், தேடி எடுத்து வெச்சிட்டாங்களாம்" என்றான் செம்பியன்.

புளிசாத டப்பாவுக்கு அடியில் அதே செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. நான் போட்டது ரப்பர்பேண்ட். இப்போது பூக்கட்டும் நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அப்படியானால் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அருள்முருகன் நூலை உருவி எடுத்து, மீட்டரைத் திருப்பி அடிப்பக்கத்து வாயைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திருப்பி ஊதினார்.

"மூவாயிரத்து நானூத்திப் பதினொண்ணு" என்று கிலோமீட்டரைப் படித்தார். பிறகு, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில், "முள்ளு தொண்ணூத்தி ரெண்டுல மாட்டிக்கினு நிக்குது. அடிச்சப்ப இதான் ஸ்பீடு" என்றார்.

செம்பியன் கையை நீட்டினான். அவர் கொடுத்தார். அவன் அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பிறகு செய்தித்தாளில் பழையபடி சுற்றி, அதே நூலால் கட்டத் தொடங்கினான். ஏதாவது கத்தினால் தேவலை என்று இருந்தது எனக்கு. இந்த ஆளா என் காலை எடுத்தது என்று நாலு பேர் எதிரில் சட்டையைப் பிடித்தால்கூடத் தேவலை. வேலை போகும், கேஸ் திரும்பும், வினோதினி தம்பியோடு போய்விடுவாள் என்று ஒவ்வொன்றாக மனசில் வந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று போய், மூன்று டீயில் ஒன்றை வழியிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அருள்முருகன் சாவியைத் திருப்பியதும் நீல வெளிச்சத்தில் பூஜ்யம் வந்தது. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஓட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வருகிறதா பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். நான் மட்டும் போய்வரலாம் என்று ஏறினேன். செம்பியன் பட்டறைப் படிமேல் நின்று, கைத்தடியை வண்டியின் பக்கக் கம்பியில் செருகி, கெட்ட காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன் செம்பியா" என்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"எனக்குத் தெரியும் மாமா. பின்னால ஒக்காந்தவனுக்குக் காத்து தெரியாதா? நானும் நாப்பதுன்னுதான் கையெழுத்துப் போட்டேன். அக்கா அழுதுக்கினு நின்னாங்க. போலீஸ் வேலைக்குப் போறவன், பொய்யெழுதிக் குடுத்தேன்" என்றான். பிறகு, "அந்த ஆளு ஒருத்தருதான் உள்ளதச் சொன்னாரு. அவர அடிச்சிட்டு வந்தாங்க" என்றான்.

வீதி முனையில் வடக்கே திரும்பினால் கடலூர். நான் இண்டிகேட்டரைப் போட்டேன். அவன் என் தோளைத் தாண்டிக் கையை நீட்டி மேற்கே, காட்டுமன்னார்கோயில் சாலைப் பக்கம் காட்டினான். அங்கே எதற்கு, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், அருள்முருகன் காத்திருப்பார் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் கையை இறக்கவில்லை. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மேற்கே திருப்பினேன்.

இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று. எண்கள் ஒவ்வொன்றாக மாறுவதை என் தோள்மேல் முகவாயை வைத்து அவனும் பார்த்துக்கொண்டு வந்தான். இருபுறமும் சம்பா நடவு பச்சையாக, தண்ணீர் கட்டி நின்றது. ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு கல், இரண்டு கல், கணக்கு சரியாகத்தான் வந்தது. எனக்கு முப்பத்துமூன்றே பறப்பதுபோல் இருந்தது. வண்டி எங்காவது நின்றுபோகாதா, டயர் பஞ்சராகாதா என்று ஊரில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஒரு சாமியும் வரவில்லை.

தட்சிணாமூர்த்தியின் வீடு ரோட்டோரம்தான். புயலில் போன கூரைக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர், வண்டியைக் கண்டதும் போட்டது போட்டபடி ஓடிவந்தார். செம்பியன் இறங்குவதற்கு முன்பே அவன் காலை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துத் தரையில் வைத்தார். "நடக்குறியா தம்பி, நடக்குறியா? பாவி நான் பரப்பினதால வந்தது" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

செம்பியன் சட்டைக்குள் கையை விட்டுப் பழைய மீட்டரை எடுத்தான். பொட்டலத்தை நீட்டினான்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் அதை வாங்கினார். "எதுக்குத் தம்பி இதெல்லாம்? பழமா? ஒடம்பு சரியில்லாத புள்ள, நீ எதுக்கு வாங்கியாந்த" என்றார். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெண்டிப் பார்த்தார், வரவில்லை. நான் வண்டியை அணைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தபடி பொட்டலத்தை வாய்க்குக் கொண்டுபோய், நூலைப் பல்லால் கடித்தார்.