தோப்ரிலா கூப்பிட்டாள்

எங்கள் யாசெனோவா கிராமத்தில் குடிதண்ணீர் கெட்டுப்போனதால் லாபம் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஊரில் இருக்கும் ஒரே கடை என்னுடையது. பள்ளத்து ஊற்றுக்கு மேலே ஊரே குப்பையைக் கொட்டிக் கொட்டி, கீழ்த்தெருக் குழாயில் நாற்றம் வரத் தொடங்கியதிலிருந்து, அந்தத் தெருக்காரர்கள் என்னிடம் பாட்டில் தண்ணீர் வாங்கித்தான் குடிக்கிறார்கள். ஆகவே, பள்ளத்தைச் சுத்தம் செய்து புதுக் குழாய் போட நிதி கேட்டு தலைநகர் பெல்கிரேடுக்கு தோப்ரிலா எழுதத் தொடங்கியபோது, வாயால் "நல்ல காரியம்" என்று சொன்னேன். மனதுக்குள் "கிடைச்ச மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டேன்.

தோப்ரிலா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் இறந்துவிட்டான், மகன் வியன்னாவில் இருக்கிறான். கீழ்த்தெருவில் தனியாக இருக்கிறாள். இடுப்பு வலியால் தண்ணீர் பாட்டில் கட்டு ஒன்றை முழுசாகத் தூக்க முடியாமல், பிரித்து இரண்டிரண்டு பாட்டிலாக மேடேறி இறங்கி எடுத்துப்போவாள். நான் வண்டியில் கொண்டுவந்து போடுகிறேன் என்றால் கேட்க மாட்டாள்.

"வேணாம் திஹோமிர். தண்ணியை நீயே வித்து நீயே சுமந்தா உன் தொப்பை கரைஞ்சிடும். அப்புறம் உன் பொண்டாட்டிக்கே உன்னை அடையாளம் தெரியாது."

முதல் தடவை விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. ஊரின் பங்கு என்ன என்று கேட்டிருந்தார்களாம். அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். மூன்றாம் தடவை, "ஊர் மக்களின் உழைப்பு" என்று எழுதி அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்தாள்.

"எழுதிட்டேன்பா. நடக்கவா போகுது? எல்லா ஊரும் இப்படித்தான் எழுதுதாம்."

அந்தப் பொய்யை அவர்கள் நம்பிவிட்டார்கள். இடத்தைப் பார்வையிட பெல்கிரேடிலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தது. தோப்ரிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சனிக்கிழமையே தலைநகருக்குப் பஸ் ஏறினாள். அங்கே விண்ணப்பதாரர்களுக்கு ஏதோ பயிற்சி. திங்கட்கிழமை அந்த அதிகாரியின் காரிலேயே ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

இங்கேதான் ஒப்ராத் வருகிறான். அவன் தோப்ரிலாவின் மகனுக்கு ஞானத்தந்தை. எங்கள் பக்கத்தில் அந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேலே. சண்டை போடலாம், அறுத்துக்கொள்ள முடியாது. அந்த உரிமையில்தான் அவன் அவளைக் 'கூமா' என்று கூப்பிடுவான், அதே உரிமையில் "பெல்கிரேடு சீமாட்டி" என்று கிண்டலும் அடிப்பான். பள்ளத்தில் கிடந்த குப்பையில் பெரும்பங்கு அவனுடையதுதான். பழைய வாஷிங் மிஷின், டிராக்டர் டயர், உரச் சாக்குகள் எல்லாம் அவன் உபயம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒப்ராத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றான்.

"நாளைக்குப் பள்ளத்துல மொபா. தோப்ரிலா கூப்பிடறா. வந்துடு."

மொபா என்பது எங்களிடம் விளையாட்டுக் காரியம் அல்ல. புல் வெட்ட, கூரை போட ஒரு வீட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த வீட்டார் வாசல் வாசலாகப் போய்க் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. கூப்பிடாமல் போகவும் கூடாது. கூலி கிடையாது. வேலை முடிந்ததும் கூப்பிட்ட வீட்டில் வயிறு நிறையச் சாப்பாடு.

"அவளே வந்து சொல்லலையே?" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனா. நீ என்ன பெரிய துரையா, உனக்குத் தனியா வந்து சொல்லணுமா?"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஊரே பள்ளத்தில் இறங்கியது. என் வாழ்நாளில் நான் அப்படிப் பார்த்ததில்லை. பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள் ஒரே குளிர்பெட்டியின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒப்ராத் டிராக்டரில் மூச்சுவிடாமல் அள்ளிக்கொண்டுபோய்த் தன் வயலிலேயே குவித்தான். நகராட்சி லாரி வந்து எடுக்கும்வரை அங்கே கிடக்கட்டும் என்றான். சாயங்காலம் ஊற்றின் கல்லைத் தேய்த்துக் கழுவினோம். சாப்பாடு மட்டும் இல்லை. "கூமா வந்ததும் போடுவா" என்றான் ஒப்ராத். முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

திங்கள் காலை தோப்ரிலா போன் செய்தாள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியிருந்தார்கள்.

"ஒரு மணி நேரத்துல வந்துடுவோம். காப்பி மட்டும் தயாரா வை."

"கவலையே படாதே. பள்ளம் கண்ணாடி மாதிரி இருக்கு. நீ கூப்பிட்ட மாதிரியே நேத்து எல்லாத்தையும் அள்ளியாச்சு."

 அவள் மிக மெதுவாகக் கேட்டாள். "எதை அள்ளியாச்சு?"

நான் சொன்னேன். அப்போதுதான் அவள் விதியைச் சொன்னாள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன்பு ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாதாம். நகர்த்தினால் அது தொடங்கிவிட்ட வேலையாம்; தொடங்கிவிட்ட வேலைக்கு நிதி கிடையாதாம். இதை அவள் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறாள்? யாசெனோவாக்காரர்கள் ஒரு கல்லை நகர்த்துவார்கள் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

"போச்சு திஹோமிர். மூணு வருஷம். எல்லாம் போச்சு" என்று வைத்துவிட்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஓடிப்போய் ஒப்ராத்திடம் சொன்னேன்.  கேட்டவன் நேராகப் போய் டிராக்டரில் ஏறினான்.

"எங்கேடா போற?"

"அள்ளினவனுக்குக் கொட்டத் தெரியாதா? ஏறு."

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. நேற்று தூக்கிய அதே ஆட்கள் அதே குளிர்பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றினோம். நேற்று பாடிக்கொண்டே செய்த வேலையை இன்று வாய் திறக்காமல் செய்தோம். முதல் வண்டியை ஒப்ராத் பள்ளத்தின் விளிம்புக்குப் பின்னோக்கிக் கொண்டுவந்து கவிழ்த்தான். கழுவிய கல்லின்மேல் வாஷிங் மிஷின் உருண்டு விழுந்த அதே நேரம், எங்களுக்குப் பின்னால் கார் வந்து நின்றது.

அதிகாரி நெவெனா என்ற நடுத்தர வயதுப் பெண். தோப்ரிலாவோடு இறங்கியதும் பள்ளத்தைப் பார்த்தாள், டிராக்டரைப் பார்த்தாள், ஒப்ராத்தைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நான் வர்ற அன்னைக்கே கொட்டுறீங்களா? இந்தம்மா இந்த ஊருக்காக நாயா அலையறாங்க. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

ஒப்ராத் தொப்பியைக் கழற்றினான். அந்த மனுஷன் யாரிடமும் ஒரு சொல் வாங்கிக் கட்டிக்கொண்டு நான் கண்டதில்லை.

"இல்லைங்கம்மா" என்றான். "நான் எப்பவுமே அப்படித்தான். ஊரே சொல்லும். நீங்க எழுதிக்குங்க, இங்க குப்பை நிறைய இருக்குன்னு."

நெவெனா கோபத்தோடு படம் எடுக்கத் தொடங்கினாள். தோப்ரிலா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நிதி வந்துவிடும், குழாய் வந்துவிடும், அவள் இடுப்பு பிழைக்கும். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் கடவுளை வேண்டினேன் என்றுகூடச் சொல்வேன்.

தோப்ரிலா ஒப்ராத்தைப் பார்த்தாள். அவன் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தான். கைகளில் நேற்றைய கீறல்கள்.

"படம் எடுக்காதீங்கம்மா" என்றாள். "இவரைத் திட்டாதீங்க. எல்லாத்தையும் நேத்தே அள்ளிட்டாங்க. எனக்குக் காசு கிடைக்கணும்னு இப்ப திரும்பக் கொட்டறாங்க."

நெவெனா போனை இறக்கினாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவ்வளவையும் ஒரே நாள்லயா? யார் கூலி குடுத்தது?"

"மொபாவுக்கு யாரும்மா கூலி குடுப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தோப்ரிலா கூப்பிட்டா, வந்தோம். சோறுதான் இன்னும் வரலை."

"நானா?" என்றாள் தோப்ரிலா. "நான் எப்போ கூப்பிட்டேன்?"

ஒப்ராத் திடீரென்று வானத்தில் மேகம் பார்க்கத் தொடங்கினான். எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

"கூமா" என்றான் கடைசியில், அவளைப் பார்க்காமலே. "வெளியூர்ப் பொம்பளை வந்து என் வாஷிங் மிஷினைப் படம் பிடிச்சுட்டுப் போவாங்கன்னு நினைச்சேன், தூக்கம் வரலை. அதான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ பெல்கிரேடுக்கு மூணு வருஷமா எழுதின. என் வாசல்ல வந்து ஒரு நாள் கேட்டியா? கூப்பிடாம நான் எப்படி வருவேன்?"

 தோப்ரிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, கடையில் எவ்வளவு பீன்ஸ் இருக்கிறது, பன்றி இறைச்சி இருக்கிறதா என்று கேட்டாள். அவள் பேரில் மொபா நடந்திருக்கிறது, ஊர் பட்டினியாகத் திரும்பியிருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அவள் முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். பீன்ஸ் வேகும் நேரத்தில், கொட்டிய ஒரு வண்டிக் குப்பையை ஒப்ராத் தனி ஆளாகத் திரும்ப அள்ளினான். யாரையும் கிட்டே விடவில்லை.

நெவெனா எங்கள் ஊர்ப் பழச்சாராயமான ராக்கியாவைக் குடிக்க மாட்டேன் என்றாள், கொஞ்சம் குடித்தாள். காரில் ஏறும்போது தோப்ரிலாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சுத்தம் பண்றதுக்கு ஒரு காசு வராது. அது முடிஞ்ச வேலை. குழாயை நீங்க இன்னும் தொடலை, அதுக்குக் கேட்டுப் பாக்கறேன். உறுதி சொல்ல மாட்டேன். ஊர்மக்கள் உழைப்புன்னு எல்லா ஊரும் எழுதுது தோப்ரிலா. நான் போன எந்த ஊர்லயும் கையில கீறலோட ஒருத்தரும் நின்னதில்லை."

இலையுதிர் காலத்தில் குழாய்கள் வந்தன. குழாய் மட்டும்தான். மண் தோண்ட இயந்திரத்துக்குக் கேட்டிருந்த பணத்தை வெட்டிவிட்டார்கள். ஊற்றிலிருந்து கீழ்த்தெருவரை வாய்க்கால் கையால்தான் தோண்ட வேண்டும்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. என் கடைக்கு எதிர்வீடு ஒப்ராத்தினுடையது. தோப்ரிலா குடையோடு மெதுவாக மேடேறி வந்தாள். தண்ணீர் வாங்கத்தான் வருகிறாள் என்று ஒரு பாட்டில் கட்டை எடுத்துப் பிரித்து வைத்தேன். அவள் கடைக்குள் வரவில்லை. நேராக ஒப்ராத் வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அவன் கதவைத் திறந்தான்.

"சனிக்கிழமை மொபா" என்றாள். "நான் கூப்பிடறேன். வருவியா?"

ஒப்ராத் கேலியாக ஏதோ சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான்.

"வர்றேன் கூமா" என்றான்.

அவள் திரும்பித் தெருவைக் கடந்து, அடுத்த வாசலாக என் வாசலுக்கு வந்தாள். நான் பிரித்த பாட்டில் கட்டை மறுபடி சேர்த்து உள்ளே வைத்தேன்.