லுபேகாவின் மரவுரி

முட்டி போட்டுக் குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை வெளியே இழுத்தார் லுபேகா. செத்தால் தன்மேல் போர்த்தவென்று ஒன்பது வருடமாக வைத்திருந்த மரவுரி, மரப்பட்டையை அடித்துச் செய்த துணி, அதில்தான் இருந்தது. இன்று நாலு மணிக்குத் தம்பி கசுலேயை வாழைத்தோட்டத்தில் புதைக்கிறார்கள். மசாக்கா கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். மனம் வரவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்பு கம்பாலாவில் ஒரு டாக்டர் அவரிடம் கணையத்தில் புற்றுநோய் என்றார். அதற்குமேல் சொன்ன எதுவும் லுபேகாவின் காதில் ஏறவில்லை. திரும்பும் வழியிலேயே நல்ல மரவுரியாகப் பார்த்து வாங்கிவிட்டார். அறுவை செய்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மனிதர் சாகவில்லை. காப்பிச் செடிகளுக்குக் களை பிடுங்கிக்கொண்டு தன் பாட்டுக்குத் திரிந்தார்.

கசுலே சும்மா விடுவானா? வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "எங்கண்ணன் பெட்டியில ஒரு துணி இருக்கு. அவருக்கு முன்னாடி அது செத்துரும், பாருங்க."

மூன்று மாதத்துக்கு முன்பு அந்தக் கசுலேயின் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. சட்டை தோளில் தொங்கியது. கம்பாலாவில் அதே பெயரைத்தான் சொன்னார்கள். கசுலேயின் மனைவி நாமிரெம்பே அழுதபோது லுபேகா ஒருவர்தான் சிரித்தார்.

"என்னைப் பாரும்மா. எனக்கும் இதே கணையம்தானே? ஒம்பது வருஷமா வாழைக்காய் மத்தோக்கே தின்னுட்டு நடமாடலையா? புள்ளைக்கு இப்பச் சொல்லாதீங்க. பரீட்சை முடியட்டும்."

பிள்ளை என்றது நசூனாவை. கசுலேயின் ஒரே மகள், வடக்கே குலுவில் நர்ஸ் படிப்பின் கடைசி வருடம். அப்பாவுக்கு வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்தார்கள். அண்ணன் பேச்சைக் கசுலேயும் நம்பினான். போன வாரம் மட்டும் இரண்டு முறை, "நசூனா எப்ப வருவா?" என்று கேட்டான். பத்து நாள் என்றார் லுபேகா. அவனுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

நேற்று விடியலில் போய்விட்டான். இன்று காலைதான் நசூனா பஸ்ஸைவிட்டு இறங்கினாள்.

மரவுரியை மார்போடு அணைத்துக்கொண்டு லுபேகா தம்பி வீட்டு முற்றத்துக்கு வந்தார். நெருப்பருகில் பெண்கள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். நசூனா அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலோடு எழுந்து வந்தாள்.

"பெரியப்பா, இதை யாராவது படிச்சீங்களா?"

"கணையம்னு போட்டிருக்கும். எனக்கும்..."

"இடம்தான் ஒண்ணு. வியாதி வேற." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்கு வந்தது ஹார்மோன் சுரக்கிற செல்லுல. அது பெரும்பாலும் மெதுவா வளரும், ஆளை வாழவிடும். அப்பாவுக்கு வந்தது ஜீரண நீர் ஓடுற குழாய்ல. அது சத்தமில்லாம பரவும். தெரிய வந்தப்பவே ஈரலுக்குப் போயிருச்சு. எல்லாம் இதுல எழுதியிருக்கு. கண்ணு மஞ்சளாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன்."

"வந்து... காப்பாத்தியிருப்பியாம்மா?"

"இல்ல. கூட இருந்திருப்பேன்."

லுபேகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் அழ வெட்கமாக இருந்தது. அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இவர் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மணிக்கு, மரவுரி கொண்டுவந்தவர்களின் பெயரைக் குலத்தார் ஒருவர் உரக்கப் படித்தார். மாமனார் வீடு, இரண்டு. தேவாலயக் குழு, ஒன்று. பெயர் வாசித்ததும் அவரவர் கொண்டுவந்ததை உடல்மேல் விரித்தார்கள்.

"அண்ணன் லுபேகா, ஒண்ணு."

அந்தத் துணியை எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

லுபேகா பிரித்தார். பாச்சா உருண்டை வாசம் கிளம்பியது. துணி அகலம், ஒற்றை ஆளால் விரிக்க முடியவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நசூனா எழுந்தாள். மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகக் கசுலேயின்மேல் இறக்கினார்கள்.

ஒன்பது வருட மடிப்பு மட்டும் நிமிரவில்லை. நெஞ்சுக்கு நேராக வரப்புபோல் எழும்பி நின்றது. அவள் குனிந்து அதை உள்ளங்கையால் நீவினாள். லுபேகா இந்தப் பக்கமிருந்து நீவினார்.