நாற்பது விநாடிக் கடுகு

மலேசியாவில், எங்கள் பொந்தியான் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை ஓர் இசைத்தட்டு அட்டைக்குத்தான். லண்டனில் 1968-இல் 'சண்டே கிரீன்ஹவுஸ்' என்ற சைகடெலிக் ராக் குழு போட்ட ஒரே தட்டு அது. அட்டையில் நீளமுடி வெள்ளைக்காரர்கள் நால்வர். நடுவில் ஜிப்பாவும் சித்தாருமாக உட்கார்ந்திருப்பவன் நான்.

எனக்குச் சித்தார் வாசிக்கத் தெரியாது. சட்டம் படிக்கப் போனபோது அவர்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தேன். இந்தியன் கையில் இருந்தால் எடுப்பாக இருக்குமென்று, வாடகைச் சித்தாரை மடியில் வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள். ஊர் திரும்பிப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை வாசிப்பாராமே" என்றார்கள். தலையாட்டித் தொலைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, விரல் மரத்துவிட்டது என்று சமாளித்தேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக என் மனைவி வேதநாயகி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிக்கிறாள்.

போன வாரம் வந்தது வினை. அந்தக் குழுவின் வரலாற்றை எழுதும் ஆங்கிலேயர் ஒருவர் என்னைத் தேடிப்பிடித்து மின்னஞ்சல் போட்டார். புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். 'சித்தார்: காசிவிஸ்வநாதன்' என்று போடலாமா? கூடவே ஒரு பாட்டின் தொடக்கத்தை அனுப்பியிருந்தார். அதில் நாற்பது விநாடி படபடவென்று கேட்பது என்ன சத்தம் என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். நெருப்பு என்கிறது ஒரு கூட்டம், மழை என்கிறது இன்னொன்று.

பொய் வீட்டோடு இருந்தவரை பரவாயில்லை. அச்சில் ஏறினால் ஊருலகத்துப் பொய்யாகிவிடும். உண்மையை எழுதினாலோ, வேதநாயகியின் முகத்தில் எப்படி விழிப்பது?

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கைப்பேசியில் அந்தச் சத்தத்தை ஓடவிட்டேன். சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அது தாளிக்கிறது?"

தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. அந்த லண்டன் வீட்டில் அவர்கள் பாட்டுப் பதிந்த அறை சமையலறையை ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தாமல் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் வேதா," என்றேன். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. வாடகைச் சித்தார், மரத்துப்போகாத விரல், எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பாசிர் கூடாங்ல இருக்கிற நம்ம பொண்ணு பிரவீனாவோட மாமியார் வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன்லா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சுவரிலிருந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க."

கச்சேரிக்கு வந்தவள் போலக் கண்ணை மூடிக் கேட்டாள். "கடுகு நல்லா வெடிச்சிருக்கு. கறிவேப்பில போட்ட சத்தம்தான் வரல."

"அப்ப லண்டன்ல கறிவேப்பிலைக்கு எங்க போறது?"

சிரித்துவிட்டாள். அத்தனை வருடப் பாரமும் அந்தச் சிரிப்பில் இறங்கிப்போனது.

'சித்தார்: யாருமில்லை. கடுகு: காசிவிஸ்வநாதன்' என்று அங்கேயே பதில் அடித்தேன். தோளுக்கு மேலாகப் படித்தவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கறிவேப்பில கிடைக்கலன்னும் போடுங்க. நம்மாளுங்க கேட்டா என்ன நினைப்பாங்க?"