முழவைப் போர்த்திய நீலத்துணி

மழை ஓய்ந்த மாலைப்பொழுது. கூரை விளிம்புகளில் தொங்கிய துளிகள் விளக்கொளியை ஏந்தி ஒவ்வொன்றாய் உதிர, நனைந்த தெரு அவ்வொளியை மீண்டும் மேல்நோக்கி அனுப்ப, மேலொன்றும் கீழொன்றுமாய் இரண்டு நகரங்கள் இருப்பதுபோலவும், அவற்றுள் எது மெய், எது நிழல் என்று எவராலும் துணிந்துரைக்க இயலாததுபோலவும் தோன்றியது. அன்பு மிக்கவரே, அத்தகைய வேளையில் தெருமுனை வீடொன்றில் மூவர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உண்டுகொண்டிருந்தனர்.

அக்காள் யாழ் மீட்டுபவள். அவள் கணவர் குழல் ஊதுபவர். தம்பி முழவு கொட்டுபவன். மூவரும் கூடி இசைத்தே அவ்வீடு உண்டது, உடுத்தது. தெருவை நோக்கிய பாட்டறைக்குச் சாவிகள் இரண்டு. எதையும் எங்கேனும் வைத்து மறந்துவிடும் அக்காளிடம் சாவியைக் கொடுப்பதில்லை என்பது அவ்வீட்டின் பழைய வேடிக்கை; ஆதலால் ஒன்று கணவரிடமும் மற்றொன்று தம்பியிடமும் இருந்தன. சில நாள்களுக்கு முன்னர், விடியலில் அறையைத் திறந்தபோது யாழும் இல்லை, முழவும் இல்லை. பூட்டோ கீறலின்றித் தொங்கியிருந்தது. நீலத்துணியில் சுற்றி இடுப்பில் செருகியபடியே உறங்குவது கணவர் வழக்கமாதலால், அவர் குழல் மட்டும் பிழைத்தது.

பிழைத்த அக்குழலே தம்பியின் நெஞ்சில் முள்ளாயிற்று. அன்றுமுதல் அவர் எழுந்தால் ஏன் எழுந்தார் என்றும், இருமினால் எவருக்குக் குறிப்புக் காட்டினார் என்றும், மாலைதோறும் எங்கோ சென்று தூசி படிந்த கைகளோடு திரும்புவது எதற்கென்றும், எலிவளையின் வாயிலில் காத்திருக்கும் பூனைபோல் அவன் விழித்திருந்தான்.

"பாட்டறைக் கதவு தரையில உரசுது. முன்ன இப்படிச் சத்தம் வராது" என்றாள் அக்காள்.

"கதவைப் பத்தி இப்ப யாரு கேட்டா? பேச்சை மாத்தாதக்கா."

கணவர் கைகழுவி எழுந்தார்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"சும்மா, காலாற நடந்துட்டு வரேன்."

"நடங்க, நடங்க. காணாமப் போனதை நாங்க தேடுறோம். நீங்க காத்து வாங்கிட்டு வாங்க."

அவர் சென்றதும் தம்பி பின்தொடர்ந்தான். அக்காளும் உடன் நடந்தாள். கடைத்தெருவின் கோடியில், உடைந்த நாற்காலிகளும் மங்கிய கண்ணாடிகளும் அடுக்கிய பழம்பொருட் கடையொன்றுள் அவர் நுழைந்தார். வெளியே நின்று நோக்கிய இருவரும் கண்டது இதுவே: மூலையில் அவர்களுடைய யாழ், அதன்மேல் குனிந்த கணவர், உடன் பங்காளிபோல் நின்ற கடைக்காரர்.

"பாத்தியாக்கா உன் வீட்டுக்காரரை?" என்று பாய்ந்து உட்புகுந்தான் தம்பி. "நரம்பெல்லாம் தளர்த்தி வெச்சிருக்கு! இறுக்கமா விட்டா தண்டு வளைஞ்சிடும்னு தெருத்திருடனுக்குத் தெரியுமா? வாசிக்கிறவன் கைதான் இது!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க தம்பி" என்றார் கடைக்காரர். "யாழையும், உள்ளே இருக்கிற முழவையும் வித்தவன் வேற. ஒல்லியா ஒருத்தன், முகத்தை மூடியிருந்தான். மறுநாளே இவர் தேடிக்கிட்டு வந்தார். யாருக்கும் வித்துடாதீங்க, காவலருக்கும் சொல்லாதீங்க, எங்க வீட்டுப் பையன் மாட்டிக்குவான்னு கெஞ்சினார். நரம்பைத் தளர்த்தினதும் இவர்தான். அன்னையிலிருந்து தினம் வந்து தூசி துடைச்சுட்டுப் போறார்."

தம்பி தன் மெலிந்த கைகளையே நோக்கினான்.

"என்னையா மாமா சந்தேகப்பட்டீங்க?"

"பூட்டு உடையலியே மச்சான். சாவி உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்."

"அதே கணக்கைத்தான் நானும் போட்டேன்."

அக்காளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒருங்கே பொங்கின. "சுருதி ஒரு மயிரிழை விலகினா துள்ளுற காது ரெண்டு பேருக்கும்! வீட்டுக் கதவு ஓலமிடுதே, அது மட்டும் கேக்கலியா? வாங்க, வந்து பாருங்க."

வீடு திரும்பி விளக்கேந்திப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. கதவின் கீல்களில் திருகாணிகள் புதிதாய்க் கீறுண்டிருந்தன; ஒன்று பாதியே முடுக்கப்பட்டிருந்தது. கள்வன் பூட்டைத் தொடவேயில்லை. கதவையே கழற்றி வைத்து, வேண்டியதை எடுத்து, மீண்டும் மாட்டிச் சென்றிருந்தான்.

"பூட்டுக்குக் காவல் போட்டீங்க, கதவுக்குப் போடலியே" என்று சிரித்தார், செய்தி கேட்டுப் பார்வையிட வந்த காவலர். அவர் முன்னிலையில் கடைக்காரர் கருவிகளைத் தாமே கொணர்ந்து ஒப்படைத்தார்.

தன் முழவை மடியில் ஏந்திய தம்பி திகைத்தான். அதன் தோல்முகத்தை ஈரம் தீண்டாதபடி நீலத்துணியொன்று இறுகச் சுற்றியிருந்தது. மழைநாளெல்லாம் மாமன் இடுப்பில் குழல் உறையின்றி நனைந்ததை, அவரை இமையாது கண்காணித்த அவன் கண்கள் கண்டதேயில்லை.

"நான்தான் திருடினேன்னு நினைச்சீங்க. அப்புறம் என் முழவுக்கு எதுக்கு மாமா இது?"

"திருடினது நீயா இருந்தாலும், வாசிக்கப் போறதும் நீதானே மச்சான்."

அவன் துணியைத் திருப்பி நீட்டினான்.

"இருக்கட்டும். மூங்கில் தாங்கும், தோல் தாங்காது."

அன்பு மிக்கவரே, ஐயம் இருவர் நெஞ்சினுள்ளும் ஒன்றுபோலவே புகுந்தது; மாந்தர் நெஞ்சுக்குக் கதவும் காவலும் எத்துணை இருப்பினும் அது புகவே செய்யும். புகுந்தபின் ஒருவன் மற்றவர் குற்றத்தைத் தேடி நடந்தான். மற்றவரோ, கள்வனென்று தாம் கருதியவனின் கருவி குளிரில் கிடக்கக் கூடாதென்று தம் துணியை அவிழ்த்துப் போர்த்தினார். இறைவன் நம் எண்ணங்களை எவ்வாறு நிறுப்பானோ, நாம் அறியோம். அன்றிரவு யாழ் எழுந்தது, குழல் இணைந்தது. முழவு மட்டும் நெடுநேரம் தாழ்ந்தே ஒலித்தது.