ஹாலிடன் துரைக்கு ஒரு திரை

எங்கள் வேதக்கோயிலின் தெற்குச் சுவரில் ஹாலிடன் துரைக்கு ஒரு சலவைக்கல் பதித்திருந்தார்கள். 'தம் கூலிகளைப் பிள்ளைகள்போல் நேசித்தவர்' என்று அதில் இங்கிலீஷில் வெட்டியிருந்தது. சபையில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகையால் அவர் பரிசுத்தவான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தாலி ஏறியதும் மணமக்கள் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார்கள்.

துரை சேலத்துக்கருகே வெள்ளைக்கல் சுரங்கம் நடத்தியவர். 1919இல் மரமுட்டுக் கொடுக்காத குழி சரிந்து ஏழு பேர் உள்ளே போனார்கள். அவர்களைத் தோண்டி எடுத்தால் வேலை கெடும் என்று துரை பக்கத்தில் வேறு குழி வெட்டச் சொன்னார். ஏழு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சபை ஆராயியின் புருஷன்.

1936இல் ஆராயியின் மகள் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அப்பனைப் புதைத்தவனை மகள் கும்பிடக் கூடாது, கல்லை எடுங்கள் என்று ஆராயி சபைக் கமிட்டியின் முன் வந்து நின்றாள். பி.ஏ. படித்துக்கொண்டிருந்த குற்றத்துக்காக நான் அதன் காரியதரிசி.

"இந்தக் கூரை அவரு போட்டதுங்க," என்றார் மூப்பர் தங்கமுத்து. "மழைக்கு நனையாம ஜெபம் பண்றமே, நன்றி வேண்டாமுங்களா?"

"அந்தக் கூரை மரத்துல நாலைக் குழிக்கு முட்டுக் குடுத்திருந்தா எம்பட ஊட்டுக்காரரு திரும்பி வந்திருப்பாருங்க. நீங்க நனைஞ்சா காஞ்சுக்குவீங்க."

கல்லை எடுத்தால் சுவர் பெயரும் என்றார் போதகர் கைலாசம். மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னார். எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிப் பதிக்கலாம் என்றார் ஒருவர்.

"துரை நமக்கு முதுகைக் காட்டற மாதிரி ஆகாதுங்களா?" என்றார் மூப்பர்.

"எப்பங்க மூஞ்சியக் காட்டுனாரு?" என்றாள் ஆராயி.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பசி. மேலிடத்து உத்தரவு வரும்வரை கல்லுக்கு முன் ஒரு திரை தொங்கவிடலாம் என்றேன். எல்லோரும் என் படிப்பைப் பாராட்டினார்கள்.

"எம்புள்ள கண்ணுக்குத் தெரியாதில்ல, சாமி? அது போதும்," என்றாள் ஆராயி.

கல்யாணத்தன்று சிவப்புத் திரை தொங்கியது. மாப்பிள்ளையின் தாய் முத்தாயம்மாள் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மூடி வெச்சிருக்காங்கன்னா சும்மாவா? நின்னுட்டுக் கும்பிடாதே, கண்ணு. முட்டி போடு."

எஸ்தர் தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஆராயி வேண்டாமென்று தலையசைத்தாள். முத்தாயம்மாள் மருமகளின் தோளில் கை வைத்தாள். அன்று மாலை எஸ்தர் போக வேண்டிய வீடு முத்தாயம்மாளுடையது. எஸ்தர் முட்டி போட்டாள்; திரையின் ஓரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்களும் வரிசையாக முட்டி போட்டார்கள்.

ஆராயி அதன்பின் கோயிலுக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அவளுடைய மனுவைப் பற்றிப் போதகர் கேட்டார். 'மனுதாரர் ஆஜராகாததால் தள்ளுபடி' என்று எழுதி, நல்ல கையெழுத்தில் என் பெயரைப் போட்டேன்.